ஹீட்டர்காரி

அக்டோபர் 6

டேய் மூக்கா,

போன்ல கடைசியா நீ கத்தினது இன்னும் காதுல நிக்குது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுது. எழுதும்போதாவது அடுத்தவனைப் பேச விடுவே." சரி, உன் ஆசைப்படியே எழுதறேன். கையெழுத்து புரியலைன்னா அப்பாகிட்ட காட்டு, அவருக்குப் பழக்கம்.

வேற யார் வாயிலயாவது கேட்டுட்டு நீ குதிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் தேர்தல்ல நிக்கறேன். நகராட்சிக்கெல்லாம் இல்லை, பாராளுமன்றத்துக்கு. சிரிச்சு முடிச்சுட்டியா? மேலே படி.

இந்த நாட்டுக்கு வந்த நாள்லேர்ந்து வாடகை வீடுகளைச் சோதிக்கிற வேலைதான் பார்க்கறேன்னு உனக்குத் தெரியும். ஈரச் சுவரு, ஒழுகற கூரை, எட்டு பேர் படுக்கற ஒத்தை ரூம், இதுதான் என் பொழப்பு. மூணு வருஷத்துக்கு முன்னாடி தரைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டைப் பூட்டச் சொல்லி உத்தரவு போட்டேன். அங்கே இருந்த ஹீட்டரோட புகை வெளியே போக வழியே இல்லை. வீட்டுக்காரர் எங்க தொகுதி உறுப்பினருக்கு ஒரு போன் போட்டார். என் உத்தரவைத் தூக்கிக் கிடப்புல போட்டாங்க. அந்தக் குளிர்காலத்துல ஒரு அம்மாவும் மகனும் தூக்கத்துலயே போயிட்டாங்க. வீட்டுக்காரர் இன்னிக்கும் வாடகை வாங்கறார். உறுப்பினர் இந்தத் தடவையும் நிக்கறார்.

எதிர்க்கட்சியில என்னைக் கூப்பிட்டு, "ஜெயிக்கவே முடியாத தொகுதி, எங்க ஆளுங்க யாரும் வர மாட்டேங்கறாங்க, நீங்க நிக்கறீங்களா?"ன்னு வெட்கமே இல்லாம கேட்டாங்க. நானும் வெட்கமே இல்லாம சரின்னுட்டேன். தோத்தாலும் பரவாயில்லைடா. அந்த ரெண்டு பேரைப் பத்தி அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா ஒரு மேடையில கேட்கணும்.

இதுக்காக ரெண்டு விஷயத்தை விட வேண்டியதாப் போச்சு. ஒண்ணு வேலை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு நிக்கக் கூடாதாம், ராஜினாமா பண்ணிட்டேன். இன்னொண்ணு, இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினாத்தான் நிக்க முடியுமாம். நம்ம ஊரோடதை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். பல்லைக் கடிக்காதே. இனிமே வர்றதுன்னா விசா வாங்கிட்டு வரணும், அவ்வளவுதான் வித்தியாசம். டிசம்பர்ல தேர்தல் முடிஞ்சுடும். ஜனவரியில வந்து அப்பா பக்கத்துலயே ஒரு மாசம் உட்கார்ந்துக்கறேன்.

அப்புறம், அவரைப் பச்சைத் தண்ணியில துடைச்சு விடறதை இன்னியோட நிறுத்து. வாதத்துல விழுந்த உடம்பு, விறைச்சுப் போகும். நல்ல ஹீட்டரா ஒண்ணு வாங்கி மாட்டு. கஞ்சத்தனம் பண்ணாதே.

உன் அக்கா


அக்டோபர் 21

மதிப்புக்குரிய வேட்பாளர் அவர்களுக்கு,

ஜெராக்ஸ் கடைக்காரனின் வணக்கம்.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். குடியுரிமை வரியை மட்டும் முழுங்கிட்டேன். பாராளுமன்றம்னதும் அவருக்கு ஒரு பக்க வாய் மட்டும் சிரிச்சது. இடது கையைத் தூக்கி, நெத்தியில வெச்சு எனக்கு ஒரு சல்யூட் அடிச்சார். ரெண்டு வருஷமா அவர் பீயள்ளறது நான், சல்யூட் உனக்கு. நல்லா இருக்கு நியாயம்.

"விசா வாங்கிட்டு வரணும், அவ்வளவுதான் வித்தியாசம்"ங்கறே. அம்மா போனப்ப பாஸ்போர்ட் உன் கையில இருந்தது. அப்பவே ஒரு நாள் லேட்டு. வாசல்ல செருப்பைக்கூடக் கழட்டாம நின்னே, எல்லாம் முடிஞ்சு வீட்டைக் கழுவிக்கிட்டு இருந்தோம். அன்னிக்கு அப்பா தலையில கை வெச்சு நீ என்ன சொன்னே? "உங்களுக்கு ஒண்ணுன்னா அடுத்த பிளேன்ல இருப்பேன்பா." நான் சொல்லலை, நீதான் சொன்னே. இப்ப யாரோ ரெண்டு பேருக்காக அதையும் எழுதிக் கொடுத்துட்டு வந்து நிக்கறே. செத்தவங்களுக்கு நியாயம் கேட்கப் போறியாம். உயிரோட இருக்கறவர் தினமும் சாயங்காலம் வாசலைப் பார்த்து "பெரியவ?"ன்னு கேட்கறார். அவருக்கு மிச்சமிருக்கறது நாலு வார்த்தை, அதுல ஒண்ணு நீ.

உத்தரவுப்படி ஹீட்டர் வாங்கியாச்சு. காஸ்ல ஓடறது, புத்தம் புதுசு, தொட்டி வெச்சது. ராத்திரி முழுக்க சின்னதா எரிஞ்சுக்கிட்டே இருக்கும், விடியும்போது தொட்டி நிறைய வெந்நீர். குளியலறையில இடமில்லை, அதனால அப்பா ரூமுக்கு வெளியே திறந்தாப்ல இருக்கற பின்பக்க நடையில மாட்டியிருக்கேன். மாட்ட வந்தவன் "கசிவு இருக்கான்னு அப்பப்ப பார்த்துக்குங்க சார்"ன்னான். அடுத்த தெருவுல பால் பொங்கினாக்கூட எனக்குத் தெரியும், நீ போப்பான்னேன். இந்த மூக்கைக் கிண்டல் பண்ணியே வளர்ந்தவதானே நீ, இப்பவாவது அதுக்கு ஒரு மரியாதை கொடு.

தம்பி


நவம்பர் 9

மூக்கா,

உன் கடிதத்துக்குப் பதில் ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சேன். அம்மா விஷயத்தை நீ சாகற வரைக்கும் சொல்லிக் காட்டுவே, நானும் சாகற வரைக்கும் கேட்டுத்தான் ஆகணும். ஜனவரியில வர்றேன். அது மட்டும் நிச்சயம்.

இங்கே என் படையைப் பத்திச் சொல்றேன், சிரி. ரிட்டயர்டு பஸ் டிரைவர் ஒருத்தர், அவர் வேன், அவர் மனைவி கொண்டு வர்ற டீ. முடிஞ்சது படை. முதல் வாரம் நான் போய்க் கதவைத் தட்டினா ஒருத்தரும் திறக்கலை. உள்ளே டிவியை அணைக்கற சத்தம் கேட்குது, குழந்தை வாயைப் பொத்தறாங்க, கதவு மட்டும் திறக்காது. டிரைவர்தான் கண்டுபிடிச்சார். "அம்மா, நீங்க இன்னும் அதிகாரி மாதிரியே தட்டறீங்க. நீங்க தள்ளி நில்லுங்க, நான் தட்டறேன்"னார். அவர் தட்டினா திறக்கறாங்க.

திறந்தாலும் நல்ல வார்த்தை கிடைக்கும்னு நினைக்காதே. ஒரு அம்மா என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுக்கிட்டாங்க. முன்னாடி அவங்க இருந்த வீட்டைப் பூட்டினது நான்தான். "ஈரச் சுவரோட இருந்தோம், ஆனா இருந்தோம். நீங்க பூட்டினதுக்கு அப்புறம் நாலு மாசம் கார்ல படுத்தோம்"னாங்க. நான் யாருக்காக நிக்கறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியறேனோ, அவங்களே கதவை மூஞ்சியில சாத்தறாங்க. சட்டப்படி நான் பண்ணினது சரிதான். இருந்தாலும் படியிறங்கி வந்து வேன்ல உட்கார்ந்து அழுதேன். டிரைவர் ரேடியோவைச் சத்தமா வெச்சார், நல்ல மனுஷன்.

அந்த உறுப்பினர் ஆளுங்க ஒரு நோட்டீஸ் அடிச்சிருக்காங்க. "பிறந்த நாட்டையே எழுதிக் கொடுத்தவர், நம்மை எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?" நீயும் அவங்களும் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி இருக்கு.

ஆனா ஒண்ணு. போற வீட்டுல எல்லாம் ஓட்டு கேட்கறதுக்கு முன்னாடி ஹீட்டரைப் பார்த்துட்டு மூணு கேள்வி கேட்பேன். சின்னப் பசங்க எனக்கு "ஹீட்டர்காரி"ன்னு பேர் வெச்சுட்டாங்க. தெரு முனையில வேன் திரும்பும்போதே "ஹீட்டர்காரி வர்றா"ன்னு கத்துதுங்க. அரசியல்ல எனக்குக் கிடைச்ச முதல் பட்டம்.

அப்பா என்ன சாப்பிடறார்? உன் பொண்ணு சின்னவ நல்லாப் படிக்கறாளா?

அக்கா


நவம்பர் 25

அக்கா,

கோபம் குறைஞ்சுடுச்சுன்னு நினைக்காதே. மழை, கடையில ஆள் இல்லை, அதனால நிதானமா எழுதறேன்.

கார்ல படுத்த அந்த அம்மாவைப் பத்தி என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். அவ உடனே "பாவம், உங்க அக்கா"ன்னா. அந்த அம்மாவைத்தான் பாவம்னு சொல்வான்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேருக்கும் ஏதோ கூட்டணி இருக்கு.

இங்கே இந்த வருஷம் குளிர் ஆளைக் கொல்லுது. பின்பக்க நடை வழியா சாரலும் காத்தும் நேரா அப்பா ரூமுக்குள்ளே வந்துச்சு. போன வாரம் மேலே தகரம் போட்டு, பக்கத்துல கண்ணாடி வெச்சு முழுக்க அடைச்சுட்டேன். நானே அளந்து நானே அடிச்சேன், கட்டை விரல்ல ஒரு அடி எனக்கும். இப்ப ஒரு பொட்டுக் காத்து உள்ளே வராது. ஹீட்டர் சூட்டுல அப்பா ரூம் கதகதன்னு இருக்கு. அதைப் பார்த்துட்டு சின்னவளும் தலையணையைத் தூக்கிட்டு தாத்தா ரூமுக்கே போயிட்டா.

அப்பாவுக்குத்தான் கொஞ்ச நாளா சரியில்லை. காலையில எழுந்ததும் தலையைப் பிடிச்சுக்கறார். ரெண்டு தடவை வாந்தி. கண்ணைத் திறக்கவே மாட்டேங்கறார், கூப்பிட்டா எங்கேயோ இருக்கற மாதிரி பார்க்கறார். மதியம் சக்கர நாற்காலியில வெச்சு வாசல் வெயிலுக்குத் தள்ளிட்டு வந்தா தெளிஞ்சுடறார், டீ கேட்கறார். டாக்டர் வயசு, பிரஷர்னு மாத்திரையை மாத்திக் கொடுத்திருக்கார். சின்னவளும் தாத்தாவைப் பார்த்துக் காப்பி அடிக்கறா. காலையில தலைவலி, பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு ஒரே அழுகை. வெளியே இறங்கிப் பாதி தூரம் போனதும் வலியும் இல்லை ஒண்ணும் இல்லை. சரியான நடிப்பு.

நீ அந்த ஊர்ல பெரிய பெரிய டாக்டரையெல்லாம் பார்ப்பியே, அப்பா விஷயத்தை யார்கிட்டயாவது கேட்டு எழுது. எனக்கு மனசுக்குச் சரியாப் படலை.

தம்பி


டிசம்பர் 4

மூக்கா,

வேன்ல உட்கார்ந்து எழுதறேன், எழுத்து ஆடும். இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு. நேத்து அந்த ஆளோட ஒரே மேடை. ரெண்டு பேரைப் பத்தியும் கேட்டுட்டேன்டா! மூஞ்சிக்கு நேரா கேட்டேன். அவர் தண்ணி குடிச்சார். கூட்டம் எழுந்து நின்னுச்சு. டிரைவர் விசிலடிச்சார். ஜெயிக்கலாமோன்னு எனக்கே ஒரு சபலம் வந்துடுச்சு.

அப்பாவுக்கு வாதம் வந்தவங்களுக்கு வர்ற தலைசுத்தலாத்தான் இருக்கும். மாத்திரை பிடிக்க ஒரு மாசம் ஆகும், பயப்படாதே. சின்னவளைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நடிப்பு கிடிப்புன்னு திட்டாதே, நம்ம வம்சத்துக்கே கண்ணாடிதான், எனக்கு அவ வயசுல இதே தலைவலி. ராத்திரியில ஜன்னலை நல்லா மூடி வை, அப்பாவுக்குக் குளிர் காத்து ஆகவே ஆகாது.

கூப்பிடறாங்க. போறேன்.

அக்கா


டிசம்பர் 23

அக்காவுக்கு,

என் பொண்டாட்டி உனக்குப் போன்ல சொன்னது எல்லாம் சொன்னாளான்னு தெரியாது. அவ அழுதுக்கிட்டே பேசினா. அதனால எழுதறேன்.

பதினொண்ணாம் தேதி காலையில டீ எடுத்துட்டுப் போனேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கறார்னு நினைச்சு டீயை மூடி வெச்சுட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை போனப்பதான் தொட்டேன். டாக்டர் வந்து வாதம் மறுபடி வந்திருக்கும், தூக்கத்துலயே போயிருக்கார்னு சொன்னார். நல்ல வேளை, சின்னவளுக்கு முந்தின நாள் ஜுரம், எங்ககூடப் படுத்திருந்தா. தாத்தாவை அப்படிப் பார்க்காம தப்பிச்சா.

உனக்காகக் காத்திருக்கலாமான்னு எல்லாரும் கேட்டாங்க. விசா வர ரெண்டு வாரம் ஆகும்னு சொன்னேன். எனக்குத்தான் அசிங்கமா இருந்துச்சு. ஒருத்தர் மட்டும் "நம்ம ஊர் பாஸ்போர்ட் இருக்குமே?"ன்னார். நான் உள்ளே போயிட்டேன்.

பதிமூணாம் தேதி நீ ஓட்டுச் சாவடி வாசல்ல நின்னு கையைத் தூக்கின போட்டோ இங்கே பேப்பர்ல வந்திருந்தது. நம்ம ஊர்க்காரி வெளிநாட்டுத் தேர்தல்லன்னு பெருமையாப் போட்டிருந்தான். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எடுத்துட்டு வந்து காட்டினார். பல்லு தெரியச் சிரிக்கறே. அப்பா போய் ரெண்டு நாள், உனக்குப் போன் பண்ணியும் ரெண்டு நாள். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடலை.

ஒண்ணே ஒண்ணு சொல்றேன், உனக்கு ஆறுதலா இருக்கும். முகம் அப்படித் தெளிவா இருந்தது அக்கா. போனவங்க முகம் வெளுத்துடும்பாங்க இல்லையா, அவருக்கு அப்படி இல்லை. உதடு, நகம் எல்லாம் நல்ல சிவப்பு, பத்து வயசு குறைஞ்ச மாதிரி. வந்தவங்க எல்லாரும் புண்ணியவான், கஷ்டப்படாம போயிட்டார்னு சொன்னாங்க. நானும் அதையே பிடிச்சுக்கிட்டு இருக்கேன்.

சின்னவ இப்ப தாத்தா கட்டில்லதான் படுப்பேன்னு அடம் பிடிக்கறா, விட்டுட்டேன். தலைவலி இன்னும் போகலை. நீ சொன்ன மாதிரி அடுத்த வாரம் கண்ணைக் காட்டப் போறோம்.

தம்பி


ஜனவரி 2

மூக்கா,

நேத்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து ஹீட்டரை அணைச்சு, சிலிண்டரை மூடி, பின்பக்கக் கண்ணாடியைத் திறந்து வெச்சாரே, அவரை அனுப்பினது நான்தான். நீ போனை எடுக்கலை, உன் பொண்டாட்டி போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. அவர் கடைப் பலகையில இருந்த நம்பர் ஞாபகம் இருந்துச்சு, நல்ல காலம். சின்னவ முன் ரூம்ல படுத்துட்டான்னு அவர் சொன்னதுக்கு அப்புறம்தான் நான் போனை வெச்சேன். அந்த ஹீட்டரை மறுபடி போடாதே. ஏன்னு சொல்றேன். கடையை மூடிட்டுத் தனியா உட்கார்ந்து படி.

உதடும் நகமும் சிவப்பா இருந்ததுன்னு எழுதியிருந்தியே. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்டா. தரைக்குக் கீழே இருந்த அந்த வீட்டுல அம்மாவையும் மகனையும் வெளியே கொண்டு வந்தப்ப நான் வாசல்ல நின்னேன். அவங்களும் தூங்கற மாதிரி, நல்லாச் சிவந்துதான் இருந்தாங்க. ஹீட்டர் புகை வெளியே போக வழியில்லாம வீட்டுக்குள்ளேயே சேர்ந்தா அப்படித்தான் ஆகும். அது காஸ் கசிவு இல்லை, எரிஞ்சு வர்ற விஷம். அதுக்கு வாசனை கிடையாதுடா. உன் மூக்குக்கு மட்டுமில்லை, எந்த மூக்குக்கும் தெரியாது.

வாசலுக்கு வாசல் மூணு கேள்வி கேட்டேன்னு எழுதினேன் இல்லையா. காலையில தலைவலி இருக்கா? வெளியே போனா சரியாப் போகுதா? வீட்டுல இன்னொருத்தருக்கும் அப்படியே இருக்கா? இதான் அந்த மூணு. உன் கடிதத்தைப் படிச்சதும் நவம்பர்ல நீ எழுதினதைத் தேடி எடுத்துப் படிச்சேன். நான் கேட்காமலே மூணுக்கும் பதில் எழுதியிருக்கே. நடையை அடைச்சது முதக்கொண்டு எழுதியிருக்கே. முன்னப்பின்ன தெரியாத ஒரு வீட்டுல இதை யாராவது சொல்லியிருந்தா, அந்த நிமிஷமே எல்லாரையும் தெருவுக்கு இழுத்துட்டு வந்திருப்பேன். உனக்கு என்ன எழுதினேன்? கண் டாக்டர்னேன். ஜன்னலை மூடுன்னேன். மூடச் சொன்னது நான்டா.

யார் வீட்டுக் கதவு திறந்தாலும் முதல்ல கூரையைப் பார்ப்பேன், அப்புறம் சுவரு, அப்புறம் ஹீட்டரு, கடைசியாத்தான் மனுஷங்க. இருபது வருஷப் பழக்கம். நம்ம வீடுன்னதும் அப்பாவை மட்டும்தான் பார்த்தேன். மகளா இருந்து ஜன்னலை மூடச் சொன்னேன். அதிகாரியா ஒரு நிமிஷம் இருந்திருந்தா அவர் இன்னிக்கு வெயில்ல உட்கார்ந்து டீ கேட்டிருப்பார்.

உன்கிட்ட சொல்லாம இருந்துடலாமான்னு ராத்திரி பூரா நினைச்சேன். ஹீட்டர் பழுதுன்னு ஏதாவது பொய் சொல்லி உன்னை விட்டுடலாமான்னு பார்த்தேன். ஆனா உன்னை எனக்குத் தெரியும். ரிப்பேர்காரனைக் கூட்டிட்டு வந்து, அவன் நல்லாத்தானே இருக்குன்னு சொன்னதும் மறுபடி போட்டுடுவே. அந்தக் கட்டில்ல மறுபடி சின்னவ படுப்பா.

வாங்கச் சொன்னது நான், படிச்சும் புரிஞ்சுக்காதது நான். நீ அவருக்குக் குளிரக் கூடாதுன்னு அடைச்சே. உன் தலையில இதைப் போட்டுக்காதே. போட்டுக்குவேன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன்.

தேர்தல்ல தோத்துட்டேன். எதிர்பார்த்ததுக்கு மேலே ஓட்டு வந்திருக்கு, "கௌரவமான தோல்வி"ன்னு எழுதறாங்க. அந்தப் போட்டோவுல நான் சிரிக்கலைடா, வெயில் கண்ணுல அடிச்சுது. இப்படிச் சொன்னா நம்புவியா? நானே நம்ப மாட்டேன். விசா இன்னும் வரலை. வந்தா வரட்டுமான்னு நீ சொல்லு.

அக்கா


ஜனவரி 25

அக்கா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாச்சு. படிச்சுட்டு மடிச்சு சட்டைப் பைல வெச்சுக்கிட்டேன். என் பொண்டாட்டிகிட்ட சொல்லலை. ஹீட்டரைக் கழட்டி முற்றத்துல போட்டிருக்கேன். அடுப்புல தண்ணி காய வெச்சுக்கறோம். "புதுசு வாங்கிட்டு எதுக்கு இந்தக் கூத்து?"ன்னு அவ தினமும் கேட்கறா. நடையில நான் அடிச்ச தகரத்தையும் பிரிச்சுட்டேன். நல்லா அடிச்சிருந்தேன், ஆணியைப் பிடுங்கறதுக்குள்ளே கை கிழிஞ்சு போச்சு.

உன் மேலே பழியைப் போட்டு எழுதலாம்னு பார்த்தேன். ஊர் ஊரா ஹீட்டர்காரி, வீட்டுக்கு மட்டும் கண் டாக்டரான்னு ரெண்டு வரி எழுதினேன். அடிச்சுட்டேன். முதல் கடிதத்துலயே புகை வெளியே போக வழியில்லாம செத்தாங்கன்னு நீ எழுதியிருக்கே. நானும் படிச்சேன். அது பழைய ஹீட்டரா இருக்கும், வீட்டுக்காரன் கஞ்சன், நாம புதுசாத்தானே வாங்கியிருக்கோம்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த தெருப் பால் பொங்கறது தெரியற மூக்காம்.

விசா வந்தா வா. எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. அப்பா ரூம்ல படுத்துக்கோ, இப்ப அங்கே காத்து வருது.

ஆனா இதை ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும், உன்னை விட்டா ஆள் இல்லை. உன் கடிதத்தைப் படிச்ச அன்னிக்கு, நீ சொன்னது பொய்யா இருக்கணும்னு நினைச்சேன். அந்த ஊர்ல அதையே பார்த்துப் பார்த்து உனக்கு எல்லாமே அப்படித் தோணுதுன்னு நினைச்சேன். கண் டாக்டரும் சின்னவளுக்குக் கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டார். அதுக்கப்புறம் தினமும் காலையில அவ எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே போய்ப் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். இன்னிக்காவது தலையைப் பிடிச்சுக்க மாட்டாளா, அழ மாட்டாளான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். ஹீட்டர் இல்லாமலும் அவளுக்குத் தலை வலிச்சா, அப்பா தானாத்தானே போயிருப்பார்? பெத்த பொண்ணுக்கு வலி வரணும்னு எந்த அப்பனாவது சாமியைக் கும்பிடுவானா? நான் கும்பிட்டேன்.

வரலை அக்கா. ஒரு நாள்கூட வரலை. குதிச்சுக்கிட்டே பள்ளிக்கூடம் போறா.

தம்பி